பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரவு

மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு நாய் மட்டும் வீடு திரும்பியது. வானொலியில் ஏழேகால் செய்தி கேட்பதற்காக அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. கழுத்தில் பட்டை இருந்தது, கயிறு இல்லை. வெள்ளைத் தோலில் முள் கிழித்த கோடுகள். வந்ததும் தண்ணீர்ச் சட்டியில் வாய் வைப்பதுதான் அதன் வழக்கம். அன்று நேராக என் மகனுடைய கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. நான் குனிந்து கூப்பிட்டபோது கண்ணை மட்டும் திறந்தது. அதன் விலா எலும்பு நடுங்குவதைப் பார்த்தேன்.

மகன் வரவில்லை.

அப்போது நாங்கள் மம்சாபுரத்தில் மேற்குக் கடைசித் தெருவில் இருந்தோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவர் அலுவலக வேலையாகச் சென்னை போயிருந்தார். மகன் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. ஷிப்ட் இல்லாத அமாவாசை நாட்களில் அவன் முயல் வேட்டைக்குப் போவான். நிலவு இருந்தால் முயல் வெளியே வராது, வந்தாலும் ஆளைத் தூரத்திலேயே பார்த்துவிடும் என்பார்கள். கூடப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், நாற்பது தாண்டியவர். இன்னொருவன் மகனோடு ஆலையில் வேலை பார்த்தவன். பழைய மோட்டார் சைக்கிள் ஹெட்லைட்டைப் பேட்டரியோடு சேர்த்து, நெற்றியில் கட்டிக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தார் சைக்கிள் கடைக்காரர்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆனால் கொண்டுவந்த கறியை மஞ்சள் போட்டு வேகவைத்ததும் நான்தான். மலையடிவாரம் சரணாலயம் ஆகியிருந்த காலம் அது. பிடிபட்டால் வழக்கு, வழக்கு என்றால் ஆலை வேலை போய்விடும். அதையும் தெரிந்துகொண்டுதான் வேகவைத்தேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாய் மட்டும் வந்திருக்கு," என்றேன்.

"நாய்க்கென்ன டீச்சர், பசிச்சா வந்துரும். அவிய பின்னாலயே வருவாக. செத்த நேரம் உக்காருங்க."

"கயிறு இல்லாம வந்திருக்கு. நடுங்குது."

அவள் கை நின்றது. மொச்சையை முறத்தோடு உள்ளே வைத்துவிட்டு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "பாரஸ்ட் ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்புடலாமா?" என்று கேட்டவள், நான் பதில் சொல்வதற்குள் தானே, "வேணாம், வேணாம். கரடிகிட்ட இருந்து காப்பாத்தி ஜெயில்ல கொண்டுபோய் வைப்பாக," என்றாள்.

தெரு முடிந்தால் தென்னந்தோப்பு. அதைத் தாண்டினால் மாந்தோப்பு. மாசி மாதம், மாம்பூ வாசம் மூச்சை அடைத்தது. தோப்பின் மேற்கு எல்லையில் ஒரு ஓடை. அதில் தண்ணீர் இல்லை, மணல்தான். ஓடைக்கு அந்தப்பக்கம் காடு. வரப்பில் நடக்கும்போது அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "பயமாடி?" என்றேன். "உங்களுக்கு வழி தெரியாதுன்னு பிடிச்சிருக்கேன்," என்றாள்.

ஓடைக்கரையில் நின்றோம். காட்டுக்குள் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. தாழ்வாக, மெதுவாக, எதையோ தேடுவதுபோல் அசைந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"கூப்பிடு," என்றேன் அவளிடம்.

"நான் எப்படி டீச்சர் அவிய பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன்? கல்யாணம் ஆனதுலருந்து சொன்னதில்ல. ஏங்கன்னு கூப்பிட்டா காட்டுல எந்த ஏங்கன்னு தெரியும்? நீங்க கூப்பிடுங்க. மூத்தவுக சொன்னா தப்பில்ல."

நான் அவரை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அந்த அவசரத்தில் அவருடைய முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு என் மகன் பெயரைக் கூப்பிட்டேன். வகுப்பறையில் பழகிய குரல். அந்த அமைதியில் அது மலையில் போய் மோதித் திரும்பி வந்தது.

வெளிச்சம் அணைந்துவிட்டது.

பதில் இல்லை. அந்தப்பக்கம் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டு, அதுவும் விலகி விலகிப் போனது. எங்கள் ஆட்கள் என்றால் விளக்கை அணைத்துவிட்டு ஓடுவார்களா? அப்படியானால் அது யார்? எங்கள் ஆட்கள் எங்கே? அவள் டார்ச்சை அணைத்தாள். இரண்டு பேரும் திரும்பி நடந்து மாந்தோப்பின் பம்புசெட் அறைக்கு வந்து அதன் சிமெண்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தோம். அறை பூட்டியிருந்தது. காவலுக்கு ஆளில்லை.

இன்றும் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு முதல் தடவை பதில் வராவிட்டால் எனக்குக் கை வேர்க்கிறது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டியிருக்கிறேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. தோப்பின் வடக்குப் பக்கமிருந்து இரண்டு உருவங்கள் வந்தன. செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள். முன்னால் மகனுடைய ஆலை நண்பன், அவன் தோளில் கை போட்டபடி சைக்கிள் கடைக்காரர். அவர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரது?" என்று அவர் கேட்ட குரல் அவருடையதாகவே இல்லை.

"நாந்தான், வேற யாரு? எங்க போனீக? டீச்சர் மகன் எங்க?" என்றாள் அவர் மனைவி.

அவர் உட்கார்ந்தார். தொட்டியிலிருந்து தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். பிறகுதான் சொன்னார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கரடி குறுக்கே போயிருக்கிறது. அவர்களை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய்தான் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. "வீட்டுக்குத்தான் போயிருக்கும், வாலேன்னு சொன்னேன் டீச்சர். தம்பி கேக்கல. நாயை விட்டுட்டு வரமாட்டேன்னான். தேடிக்கிட்டே ஓடை வரைக்கும் வந்துட்டோம். அப்பத்தான்…"

"அப்பத்தான் என்ன?"

"கூப்பிட்டுச்சு."

"எது?"

அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு பொம்பளக் குரல். என் பேரைச் சொல்லி. முழுப்பேரை. எங்க ஆத்தா கூப்பிடுறாப்புலயே. ஆத்தாவுக்குப் பொறவு என்னை ஒரு பொம்பளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல டீச்சர். அது போய்ச் சேந்து மூணு வருசம் ஆகப்போவுது."

"நாந்தான் தம்பி கூப்பிட்டேன்," என்றேன்.

அவர் மனைவிதான் பேசினாள். "உங்க ஆத்தா உசுரோட இருந்தப்ப வாசல்ல நின்னு கூப்பிட்டாலே போகமாட்டீக. செத்த பொறவு உங்களை முயல் காட்டுல வந்து கூப்பிடுதாக்கும்?"

"ஏட்டி, சும்மா இருட்டி. அங்க நின்னு கேட்டுப் பாத்தா தெரியும்."

வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். காட்டுக்குள் நுழைந்தபின் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாக்கைத் தட்டி ஒலி எழுப்புவதுதான் அழைப்பு. இருட்டில் யாராவது பெயரைச் சொன்னால் பதில் கொடுக்கக் கூடாது. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனிதக் குரல் என்று நம்பலாம். நான் ஆளுக்கு ஒரு தடவை கூப்பிட்டிருந்தேன். அவர்கள் விளக்கை அணைத்துவிட்டு ஓடினார்கள். ஓடிய வேகத்தில் என் மகன் வேறு பக்கம் போய்விட்டான். நாக்கைத் தட்டித் தட்டித் தேடியிருக்கிறார்கள். பதில் ஒலி வரவில்லை.

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல, இப்படி ஒண்ணு இருக்குன்னு," என்றாள் அவர் மனைவி.

"பொம்பளைக காட்டுக்கு வருவீகன்னு யாரு கண்டா?"

அவர் மறுபடியும் உள்ளே போக எழுந்தார். ஆலை நண்பன் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு உள்ளங்காலில் முள் ஏறியிருந்தது. ஆனால் முள்ளால் அவன் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "அண்ணாச்சி, தனியாப் போகாதிய," என்று மட்டும் சொன்னான். நெற்றி விளக்கின் பேட்டரி தீர்ந்திருந்தது, டார்ச்சும் மங்கிப்போயிருந்தது. சைக்கிள் கடைக்காரர் ஓடைவரை போனார். நாக்கைத் தட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. என் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வந்து இங்கே தண்ணீர் குடிக்கிறார். "எத்தனை வருசமா போறீங்க. இருட்டு உங்களுக்குப் பழக்கம்தானே?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அவர் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பழகாது டீச்சர். இருபது வருசம் போனாலும் பழகாது. காட்டுக்குள்ள லைட்டைப் போட முடியாது, பாரஸ்ட் வாட்சர் பாத்துருவாக. பொட்டல் வந்தாத்தான் போடுவோம். அதுவரைக்கும் கண்ணு செத்துப்போயிரும். கண்ணு செத்துட்டா காது பெருசாயிரும். நம்ம மூச்சே பின்னால யாரோ விடுத மாதிரி இருக்கும். நின்னா அதுவும் நிக்கும். வரிசையா ஒருத்தன் துண்டை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டுத்தான் போவோம். கடைசி ஆளுதான் பாவம். அவனுக்கு முதுகு பூராத் திறந்து கெடக்கும்."

"கடைசியில யார் வருவா?"

"நாந்தான்."

ஆலை நண்பன் இருட்டில் தலையாட்டினான். "அண்ணாச்சி எப்பவும் கடைசியிலதான் வருவாரு. எங்களுக்குத் தைரியமா இருக்கட்டும்னு."

"அதுக்கில்லலே," என்றார் அவர். "முன்னால போனா என் கால் நடுங்குறது உங்களுக்குத் தெரிஞ்சுரும். அதான் பின்னால வாரேன்."

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியத்தை அவளும் அன்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

"அப்புறம் எதுக்குப் போறது?" என்றேன். "கறிக்கா?"

"கறி எம்புட்டுக் கிடைக்கும், ஆளுக்கு ரெண்டு துண்டு. அதுக்கில்ல டீச்சர். பகல் பூராக் கடையில எல்லாரும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காக. காத்தடி, பஞ்சர் ஒட்டு, செயினை மாட்டுன்னு. காட்டுக்குள்ள யாரும் கூப்பிடமாட்டாக. பயந்துக்கிட்டே நடப்போம், ஆனா மனசு வேற ஒண்ணும் நினைக்காது. கடன், கண்ணி, ஒண்ணும் ஞாபகம் வராது. வெளிய வந்து ரோட்டுல கால் வச்சதும் ஒரு பீடி பத்தவைப்போம் பாருங்க, அப்ப உசுரோட இருக்கோம்னு தெரியும். அந்த ஒரு பீடிக்குத்தான் போறோம்னு வச்சுக்கங்க."

என் மகன் இதையெல்லாம் என்னிடம் சொன்னதே இல்லை. பயம் என்ற சொல்லையே அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. வேட்டை முடிந்து வரும் இரவுகளில் அவன் சாப்பிடாமல் சமையலறை வாசலில் நின்று நான் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். "என்னடா?" என்றால் "ஒண்ணுமில்ல, சும்மா" என்பான். சோம்பல் என்று நினைத்திருந்தேன். இவர் சொல்லச் சொல்ல, அந்த நிற்றல் எனக்கு வேறாகத் தெரிந்தது. கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. அவரும் ஒரு பிள்ளையைப் போலத்தான் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது தடவை கூப்பிட்டா மனுசக் குரல்னு சொன்னீங்களே," என்றேன். "நான் கூப்பிடுறேன்."

"முதல்லயே ஒரு தடவை கூப்பிட்டாச்சு," என்றாள் அவர் மனைவி. "இனி ரெண்டு தடவையா, மூணா?"

"அது வேற, இது வேற," என்றார் அவர்.

"எப்படி வேற? ராத்திரி ஒண்ணுதான?"

அவர்கள் அதைத் தீர்மானிக்குமுன் நான் எழுந்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பின்னால் பம்புசெட் மோட்டார் தானாகவே உறுமிக்கொண்டு கிளம்பியது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருமென்று தெரியாததால், வந்ததும் ஓடும்படி தோப்புக்காரர்கள் போட்டுவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அறை பூட்டியிருந்தது. நிறுத்த வழியில்லை. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் இடிபோல விழுந்தது. பகலில் கேட்டால் மனம் குளிரும் சத்தம். அன்று அந்த மோட்டாரைக் கல்லால் அடித்து உடைத்திருப்பேன்.

ஓடைக்கரைக்கு நடந்தேன். மூன்று பேரும் பின்னால் வந்தார்கள். அங்கே சத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் காதுக்குள் நின்றுகொண்டேதான் இருந்தது. மகன் பெயரைக் கூப்பிட்டேன். இரண்டாவது, மூன்றாவது. நிறுத்திக் காது கொடுத்தேன். மோட்டார். மறுபடியும் கூப்பிட்டேன். மணலில் இறங்கி நடுவில் நின்று கூப்பிட்டேன். எண்ணிக்கை போய்விட்டது. அவன் பள்ளிப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தொட்டிலில் கூப்பிட்ட பெயர், எல்லாவற்றையும் கூப்பிட்டேன். உள்ளே போகக் கால் எடுத்து வைத்தபோது சைக்கிள் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் தடுக்கவில்லை. "போலாம் டீச்சர், நான் பின்னால வாரேன்," என்றார்.

இருவரும் அக்கரையேறிக் கொஞ்சதூரம் போனோம். அவர் சொன்னதெல்லாம் உண்மை. கண் செத்தது. என் மூச்சு பின்னாலிருந்து வந்தது. என் முதுகுக்கு அவர் இருந்தார், அவர் முதுகுக்கு யாருமில்லை. அதை நினைத்து ஒரு தடவை நின்றேன். "நிக்காதிய, நடந்துக்கிட்டே இருங்க," என்றார் தணிந்த குரலில். நான் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். கூப்பிடும்போது பயம் குறைவாக இருந்தது. ஒரு பாறைக்கு அப்பால் வழி இல்லை. திரும்பினோம்.

அதற்குப் பிறகு விடியும்வரை ஓடைக்கரையில்தான் இருந்தோம். என் தொண்டை கட்டிக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. நான் நிறுத்தியதும் அவர் மனைவி எடுத்துக்கொண்டாள். என் மகன் பெயரை அவள் கூப்பிட்டாள். நடுநடுவே, யாரும் சொல்லாமலே, "இவுகளும் இங்கதான் இருக்காக, வா," என்று கணவர் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆலை நண்பன் மட்டும் ஒரு தடவை சிரித்து உடனே நிறுத்திக்கொண்டான்.

எப்போதோ மோட்டார் நின்றது. கிழக்கே தென்னை மட்டைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியபோது, பாறைக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளியிருந்த மருதமரத்திலிருந்து ஆள் இறங்கும் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, இரண்டு பேர். முதலில் என் மகன். சட்டையில் ஒரு கை இல்லை, முகம் பூச்சிக்கடியில் வீங்கியிருந்தது, நடந்து வந்தான். நடந்து வந்தான் என்பதை மட்டும் பார்த்தேன். அவன் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர். அவனைவிட ஓரிரு வயது மூத்தவராக இருப்பார். வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த வாட்சர்.

சைக்கிள் கடைக்காரர் நெற்றி விளக்கைத் துண்டில் சுருட்டிப் பின்னால் மறைத்தார். யாரும் அதைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. என் மகன் மணலில் இறங்கி வந்து என் அருகில் நின்றான். அவன் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தேன், விரல் விரலாக.

"சார்," என்று சைக்கிள் கடைக்காரர்தான் தொடங்கினார். "தம்பி மேல ஒண்ணும் எழுதிப்புடாதிய. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்."

வாட்சர் கன்னத்தில் இருந்த முள் கீறலைத் துடைத்தார். "என்னத்த எழுத அண்ணாச்சி? மரத்து மேல வச்சுப் பிடிச்சேன்னு எழுதினா, நீ எதுக்குலே மரத்துல ஏறுனேன்னு கேப்பாக." பிறகு என்னைப் பார்த்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "லைட்டைப் பாத்துட்டுப் பிடிக்கத்தான் வந்தேன். வந்த எடத்துல உங்க சத்தம். தம்பிய நான் பிடிச்சனா, தம்பி என்னப் பிடிச்சாரா தெரியல, ரெண்டு பேரும் ஏறிட்டோம். பொறவு மறுபடி கூப்பிட்டீக. மூணாவது வரைக்கும் எண்ணுனோம். எங்க அம்மாதான், எறங்குதேன்னு தம்பி சொன்னாரு. மூணுக்கு மேலயும் போய்க்கிட்டே இருந்துச்சு. அப்படிக் கூப்பிட்டா என்ன செய்யணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அவரு எறங்கத்தான் பாத்தாரு. எறங்கவும் பதில் குடுக்கவும் நாந்தான் விடல. சட்டையப் பிடிச்சு இழுத்து வச்சுக்கிட்டேன். பேயின்னு இல்லம்மா. அவரு போயிட்டா நான் தனியா இருக்கணும்ல."